வராதவர்கள் கணக்கு

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்துக்கும் கொதிகலன் அறைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது அவளுடைய அறை. வெயில் காலத்தில் அடுப்பு, மழைக் காலத்தில் குகை. ஒரு பக்கச் சுவர் எப்போதும் வேர்த்து வழியும். அதனால் அலமாரிகளையெல்லாம் எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். மருத்துவ ஆராய்ச்சிகளின் எண்களைப் புடைத்து, எது உண்மை, எது தற்செயல் என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. கதவில் ‘உயிரியல் புள்ளியியலாளர்’ என்று பலகை தொங்கியது. அதை முழுதாகப் படிக்கப் பொறுமை இல்லாத ஆஸ்பத்திரி, ‘புள்ளி மேடம்’ என்று சுருக்கிக்கொண்டது.

அவள் யாருக்கும் ஊசி போட்டதில்லை. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று நடமாடுவதற்கு அவளும் ஒரு காரணம். மாத்திரை இல்லாமல் தூங்கப் பழக்கும் வகுப்பு உண்மையிலேயே பலன் தருகிறது என்று நிரூபித்தது அவள் கணக்குத்தான். குடியை விட்டுவிட்டோம் என்று நூற்றுக்கு எண்பது பேர் படிவத்தில் எழுதிக் கொடுத்தபோது, “டாக்டர் எதிர்ல உக்காந்து எழுதச் சொன்னா நானும் விட்டுட்டேன்னுதான் எழுதுவேன்” என்று சொல்லி, படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி மறுபடி கேட்க வைத்தாள். எண்பது முப்பத்தைந்தாகியது. அதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிகிச்சையையே திருத்தினார்கள். இன்னொரு முறை, ஒரு வார்டில் மட்டும் எல்லோரும் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இளைத்திருந்தார்கள். புது மருந்தின் மகிமை என்று டாக்டர்கள் உச்சி குளிர்ந்திருந்த நேரத்தில் இவள் போய் எடை இயந்திரத்தைக் குனிந்து பார்த்தாள். அதன் ஒரு கால் தரையோட்டுப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஊரார் எண்களையெல்லாம் சந்தேகப்பட்டவள், தான் எழுதிய ஒரு வரியைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின இடம் வெளியில் எங்கேயும் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கணவனின் தங்கை அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதயம் பலவீனப்பட்டு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் போட்டு விசாரிப்பது அவள் வேலை. கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், உப்பைக் குறைத்தீர்களா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று ஒவ்வொருவரையும் குடைந்து எடுப்பாள். ‘போன் சிஸ்டர்’ என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மாடிப்படி வளைவுக்குக் கீழே அவளுக்கென்று ஓர் அறை, இரண்டு தொலைபேசி, ஒரு ஜன்னல்.

இந்தப் போனால் நிஜமாகவே பலன் உண்டா என்று பார்க்க, மூன்று வருஷத்துக்கு முன் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். எண்ணூறு நோயாளிகள். குலுக்கல் போட்டு நானூறு பேருக்குப் போன், நானூறு பேருக்குப் போன் இல்லை. கணக்குப் பார்க்கப் புள்ளி மேடத்தை அழைத்த அன்றே அவள் சொல்லிவிட்டாள், “சார், போன் பண்ணப் போறது என் நாத்தனார். எந்த அணிக்குப் போன் போச்சுன்னு எனக்குத் தெரியவே கூடாது.” அதனால் ஓர் அணிக்குப் பச்சைக் கோப்பு, இன்னோர் அணிக்கு மஞ்சள் கோப்பு. எது எந்த அணி என்பது டாக்டரின் பெட்டியில் ஒட்டிய உறைக்குள் இருந்தது.

வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டாள். அவள் காதில் விழும்படி நாத்தனார் தன் நோயாளிகளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மூன்று வருஷம் அந்த வீட்டில் இது நடந்தது. இவள் சமையலறைக்குள் நுழைந்தால் அங்கே ஓடிக்கொண்டிருந்த பேச்சு டக்கென்று நின்று, எல்லோரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். மழையே இல்லாத நாளிலும் பேசினார்கள்.

உறை பிரித்த நாள் ஒரு திங்கட்கிழமை. கூட்ட அறையில் பெரிய டாக்டர், குழுவினர் ஐந்து பேர், சுவரோரமாக நாத்தனார். புள்ளி மேடம் எழுந்து எண்களைச் சொன்னாள். ஒரு வருஷத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், பச்சையில் அறுபத்தொன்பது, மஞ்சளில் தொண்ணூற்றெட்டு. குறைவாகத் திரும்பும் அணியே ஜெயித்த அணி என்பது ஆராய்ச்சி தொடங்கும்போதே எழுதி வைத்த விதி. வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவு இல்லை. பச்சைதான் போன் அணி என்று அறையில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் நாத்தனாரைப் பார்த்துக் கட்டைவிரலைக்கூட உயர்த்தினார். டாக்டர் உறையைக் கிழித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“மஞ்சள்தான் போன் அணி,” என்றார்.

அதாவது, போன் போட்டவர்கள்தான் அதிகமாகத் திரும்பி வந்தார்கள். நாத்தனார் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள். இந்த மாதக் கடைசியோடு போன் அறையை மூடிவிடலாம் என்று குழு எழுதிக்கொண்டது. இறுதி முடிவுக்கு மட்டும் இன்னொரு கூட்டம் பாக்கி.

அந்த வாரம் முழுக்க மழை. வீட்டுக்குள்ளும் அதே ஈரம். நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள், முகத்தைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினார். மாமியார் முப்பது வருஷம் சலவைக்கடையில் இஸ்திரி போட்டவர். மனுஷர்களையும் சூடு வைத்துத்தான் நிமிர்த்த முடியும் என்பது அவர் எண்ணம். மருமகளிடம் ஒரு கத்தியைக் கொடுத்து உருளைக்கிழங்கை முன்னால் தள்ளினார். மகளிடம் இன்னொரு கத்தியைக் கொடுத்து வெங்காயத்தைத் தள்ளினார். இரண்டு பேருக்கும் ஒரே மேஜை.

கணவன் வாசலில் நின்று ஈர பூட்ஸைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தான்.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கள நான் தினம் பாக்குறேன்,” என்றான். “முதல் அஞ்சு நிமிஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்பாங்க. பத்தாவது நிமிஷம் சொந்தக் கதை முழுக்கச் சொல்லிடுவாங்க. நீங்க ஆறு நாள் ஆச்சு.”

“உங்க வேலையப் பாருங்க,” என்றாள் மனைவி.

“அதான் பாத்துட்டு வர்றேன்,” என்று சொல்லி அவன் நழுவிவிட்டான்.

நாத்தனார் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்ற தைரியம்.

“அண்ணி, ஒண்ணு கேக்கறேன். நான் போன் பண்ணதாலதான் ஆளுங்களுக்கு நோவு வந்துச்சா?”

“அப்படி நான் சொல்லல. போன் பண்ண அணியில அதிகம் பேர் திரும்பச் சேர்ந்தாங்க. அவ்வளவுதான் சொன்னேன்.”

“நான்தான் சேரச் சொன்னேன். காலு பானை மாதிரி வீங்கிருக்குன்னு ஒருத்தர் சொன்னா, வீட்டுல உக்காந்து வேடிக்கை பாருங்கன்னா சொல்ல முடியும்? உடனே பஸ் ஏறுங்கன்னேன். வந்தாங்க. ரெண்டு நாள்ல தண்ணிய எறக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. அது எப்படித் தோல்வி ஆகும்?”

“புரியுதும்மா. ஆனா திரும்ப வர்றது குறையணும், அதான் பலன்னு மூணு வருஷம் முன்னாடியே எழுதி வெச்சாச்சு. முடிவு பிடிக்கலன்னு விதிய மாத்தினா, நாளைக்கு நான் நல்லதுன்னு சொல்றதையும் எவன் நம்புவான்?”

“அந்த விதிய யாரு எழுதுனது?”

அவள் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “நான்தான்.”

“அப்ப சரி,” என்றாள் நாத்தனார். கத்தியைக் கீழே வைத்தாள். “பதினோரு வருஷம் அண்ணி. ஒவ்வொருத்தர் வீட்டுக் கடிகாரச் சத்தம்கூட எனக்குத் தெரியும். இந்த ஆராய்ச்சியில என் ஆளுங்க ஒம்பது பேரு வீட்டுலயே போயிட்டாங்க. கூப்பிடுவேன், சம்சாரம் எடுப்பாங்க. ‘இனிமே பண்ண வேணாம் சிஸ்டர்’னு சொல்வாங்க. ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள ஒம்பது தடவ அந்தப் பேச்சக் கேட்டேன். வீட்டுக்கு வந்து உங்ககிட்டச் சொல்ல முடியாது. சட்டம். அம்மாகிட்டச் சொல்லி அழுதுட்டு, நீங்க வந்ததும் மழை நல்லா பெய்யுதுல்லன்னு பேசுனேன். அந்த ஒம்பது பேரு உங்க கணக்குல எங்க இருக்காங்க? அதையாவது சொல்லுங்க.”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். தொழில்காரி அல்லவா, எந்த ஆள் எந்தக் கட்டத்தில் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். “ஒரு வருஷத்துல திரும்பச் சேர்ந்தாரா, ஆம், இல்லை. அவங்க சேரல. அதனால ‘இல்லை’யில இருப்பாங்க,” என்றாள். அப்புறம் அவள் கையும் வாயும் ஒருசேர நின்றன.

“இல்லைன்னா?” என்றாள் நாத்தனார்.

“நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்.”

மாமியார் கரண்டியோடு திரும்பினார்.

“பொழச்சவனும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டான், செத்தவனும் வர மாட்டான். ரெண்டு பேரையும் ஒரே கூடையில போட்டியா? எங்க சலவைக்கடையிலகூட வெளுத்ததையும் வெளுக்காததையும் ஒரே கூடையில போட மாட்டோம். இதுக்கா இவ்வளவு படிச்சே?”

“ஆமா அத்தை,” என்றாள் அவள். “அப்படித்தான் போட்டிருக்கேன்.” கோபம் வரவில்லை. நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “உன் பக்கம் ஒருத்தர் போனா உனக்குத் தெரியும். போனே பண்ணாத அந்த நானூறு பேர்ல ஒருத்தர் போனா யாருக்கும்மா தெரியும்?”

நாத்தனார் வெங்காயத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பதிவறைக்குப் போனாள். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளுக்கு நடுவே முப்பது வருஷமாக உட்கார்ந்து தூசியோடு தூசியாகிவிட்ட குமாஸ்தா அங்கே இருந்தார். அவரை எல்லோரும் ‘தூசி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

“அண்ணே, இந்த ‘இல்லை’ன்னு டிக் போட்டது எப்படி? ஆளப் பாத்துப் போட்டதா?”

“ஆள எங்க மேடம் பாக்கறது? சேர்க்கைப் புத்தகத்துல பேரத் தேடுவேன். இருந்தா ஆம். இல்லாட்டி இல்லை. நீங்கதானே அப்படி எழுதிக் குடுத்தீங்க.”

“நான்தான். வருஷக் கடைசியில எல்லாரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டோமே, வராதவங்க எத்தனை பேரு?”

அவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டிப் பெயர்களைச் சொல்ல, அவள் தன் கோப்புகளில் நிறம் பார்த்துக் குறித்தாள். மறுபடி சேராதவர்களில், கடைசிப் பரிசோதனைக்கும் வராமல் போனவர்கள் மஞ்சளில் முப்பத்தொரு பேர். பச்சையில் எண்பத்துநாலு பேர். அந்த எண்களும் அவள் கோப்பில் இத்தனை நாள் இருந்தவைதான். வேலை இருந்திருக்கும், பஸ் கிடைத்திருக்காது, மழையாக இருந்திருக்கும் என்று அவளாகவே காரணம் கற்பித்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தாள்.

அந்த நூற்றுப்பதினைந்து பேரையும் உடனே தேடக் கை துறுதுறுத்தது. அந்தத் துறுதுறுப்பைக் கண்டுதான் அவளுக்குப் பயம் வந்தது. நாத்தனார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மனசு, தேடினதில் வேண்டியதை மட்டும் பொறுக்கும். அதனால் முதலில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். யாரைத் தேடப் போகிறோம், எப்படித் தேடப் போகிறோம், எதை எண்ணப் போகிறோம், கிடைக்காதவர்களை என்ன செய்வோம் எல்லாம். கடைசி வரி இது: ‘இறந்தவர் எண்ணிக்கை இரண்டு அணியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், போன் அறையை மூடுவதே சரி என்று நானே பரிந்துரைப்பேன்.’ கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, உறையில் ஒட்டிக் குழுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, ரசீதும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.

“மேடம், முடிஞ்சுபோன ஆட்டம்,” என்றார் டாக்டர். “இப்பப் போய்த் தோண்டினா நாத்தனாருக்காகத் தோண்டறீங்கன்னு ஊரே சொல்லும். இருபது வருஷப் பேரு உங்களுக்கு.”

“சொல்லட்டும் சார். அதனாலதான் நான் ஒரு வீட்டுப் படியும் ஏறப் போறதில்ல. தூசி அண்ணன் போவாரு. அவருக்கு எது பச்சை, எது மஞ்சள்னு தெரியாது. பேர வயசு வரிசையில கலந்து குடுத்துட்டேன்.”

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “தப்பா வந்தா?”

“நானே போய்ப் போன் வயரைப் பிடுங்கறேன்.”

தூசி அண்ணன் பன்னிரண்டு நாள் அலைந்தார். முப்பது வருஷமாக நாற்காலியை விட்டு எழாத மனிதர், குடையும் ரப்பர் செருப்புமாகத் தெருத்தெருவாகப் போனார். நகராட்சியில் இறப்புப் பதிவேட்டைப் பார்த்தார். பதிவேட்டில் இல்லாதவர்களை வீட்டில் போய்ப் பார்த்தார். சாயங்காலம் நனைந்த காகிதத்தோடு வந்து அவள் அறையின் சூட்டில் நின்று உலர்த்திக்கொண்டே கதை சொல்வார்.

“ஒருத்தரு கூரை மேல ஏறி ஓடு மாத்திக்கிட்டு இருந்தாரு மேடம். இதய நோயாளியான்னு கேட்டேன். கீழ எறங்கி வந்து திட்டறாரு. அவரு உசுரோட இருக்காருன்னு குறிச்சுக்கிட்டேன்.”

“நல்லது அண்ணே.”

“பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரரு. கடை பூட்டியிருந்துச்சு. பக்கத்துக் கடையில கேட்டா, போன குளிர்லயே போயிட்டாராம். நாலு நாளா நாற்காலியில உக்காந்துக்கிட்டே தூங்குனாராம். படுத்தா மூச்சு முட்டுதுன்னு. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம சளின்னு நெனச்சு மருந்து குடிச்சிருக்காரு.” அவர் காகிதத்தைத் திருப்பிக் காய வைத்தார். “மேடம், இந்த மாதிரி நாற்காலிக் கதை இன்னிக்கு மூணாவது.”

அவள் எதுவும் கேட்கவில்லை. எந்தக் கோப்பு என்று பார்க்கவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பார்ப்பது என்று எழுதி வைத்திருந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை.

நூற்றுப்பதினைந்தில் நூற்றுப்பதினொரு பேர் கிடைத்தார்கள். நாலு பேர் எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்துக்கும் தெரியவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, பக்கத்துக் கூடத்தில் துணி துவைக்கும் உருளைகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் பெயர்களுக்கு எதிரே நிறத்தைச் சேர்த்தாள். கணினி சொன்னதை நம்பாமல் காகிதத்தில் கோடு கிழித்து மறுபடி எண்ணினாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. வீட்டிலேயே இறந்தவர்கள் மஞ்சளில் ஒன்பது. நாத்தனார் சொன்ன அதே ஒன்பது. பச்சையில் முப்பத்துமூன்று. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து இறந்தவர்களையும் சேர்த்தால் மஞ்சளில் இருபத்துமூன்று, பச்சையில் ஐம்பது.

போன் போட்ட நானூறில் இருபத்துமூன்று. போடாத நானூறில் ஐம்பது. போனால் எந்தப் பலனும் இல்லாதிருந்தால், இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான். காணாமல் போன நாலு பேரும் மஞ்சளில் செத்ததாகவே வைத்துப் பார்த்தாள். அப்போதும் முடிவு அசையவில்லை.

அவள் பேனாவை வைத்துவிட்டுச் சலவைக் கூடத்துக்கு எழுந்து போனாள். அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் சிரித்தாலும் கேட்காது. சந்தோஷம் தாங்கவில்லை, அந்த முப்பத்துமூன்று பேரை ‘நல்லா இருக்காங்க’ என்று எழுதின வெட்கமும் தாங்கவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன. வெள்ளைத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரு தலையணை உறையை எடுத்து நீட்டினாள். புள்ளி மேடம் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

குழு கூடும்வரை வெளியே சொல்லக் கூடாது. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமியாரிடம் அது பலிக்குமா? முதல் நாளே தட்டைப் பார்த்துவிட்டார்.

“ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிடறே. பத்து நாளா கோழி கொத்தற மாதிரி கொத்திக்கிட்டு இருந்தே. கணக்கு சரியாப் போச்சா?”

“அத்தை, மழை நல்லா பெய்யுதுல்ல,” என்றாள் அவள்.

மாமியார் வெளியே எட்டிப் பார்த்தார். சுள்ளென்று வெயில் அடித்தது. “நல்லாத்தான் பெய்யுது,” என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினார்.

கூட்டத்துக்கு இந்த முறை வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். மற்றவர்களின் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே அழைக்கப்படுகிறவர். புள்ளி மேடம் எண்களை வைத்தாள். முதலில் பழைய முடிவை வைத்தாள், ஒரு எழுத்தும் மாற்றாமல். அப்புறம் புதியதை வைத்தாள். பேராசிரியை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“வேண்டிய முடிவு வர்ற வரைக்கும் தோண்டினீங்களோன்னு ஒரு சந்தேகம் எனக்கு. போன் பண்ற நர்ஸ் உங்க நாத்தனார்னு கேள்விப்பட்டேன்.”

“ஆமாங்க மேடம். ஒரே வீடு, ஒரே சமையல். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. அதான் தேடறதுக்கு முன்னாடியே எழுதிச் செயலாளர்கிட்டக் குடுத்தேன். நீங்களே பிரிச்சுப் படிங்க.”

பேராசிரியை உறையைப் பிரித்தார். தேதியைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். அதற்கப்புறம் அரைமணி நேரம் கேள்வி மேல் கேள்வி. தேடினவருக்கு அணி தெரியுமா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேடினார்களா, கிடைக்காத நாலு பேர் என்ன ஆனார்கள். பதிலெல்லாம் அவள் நாக்கின் நுனியில் இருந்தது.

“அப்ப முதல் முடிவு எப்படித் தலைகீழா வந்துச்சு?” என்றார் பேராசிரியை. “யாரோட தப்பு?”

“என் தப்புங்க,” என்றாள் அவள். “குமாஸ்தா சொன்னதத்தான் செஞ்சாரு. நர்ஸ் அவங்க வேலையச் செஞ்சாங்க. திரும்ப வராததுதான் ஆரோக்கியம்னு எழுதினவ நான். சாவும் ஒரு வகையில வராம இருக்கறதுதான்னு எனக்குத் தோணல. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எண்ணிக்கை போன் அணியில கூடுச்சு, ஏன்னா அவங்க உயிரோட இருந்தாங்க, சரியான நேரத்துல வந்தாங்க. இத அப்படியே அறிக்கையில எழுதப் போறேன். இதே மாதிரி எண்ணிக்கிட்டு இருக்கற மத்த ஆஸ்பத்திரிகளும் படிக்கணும்.”

பேராசிரியை உறையை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். “இத என் மாணவர்களுக்குக் காட்டணும், எடுத்துக்கறேன்,” என்றார். பிறகு பெரிய டாக்டரிடம் திரும்பி, “போன் அறைய மூடினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார்.

மூடுவதாவது. பச்சை அணியில் மிச்சம் இருக்கும் முன்னூற்றைம்பது பேருக்கும் நாளையிலிருந்தே போன் போகட்டும், அதற்கு இன்னும் இரண்டு நர்ஸுகள் கொடுங்கள் என்று குழு ஒருமனதாக எழுதியது. இருபத்துமூன்று, ஐம்பது என்ற எண்களுக்குக் கீழே பெரிய டாக்டர் இரண்டு கோடு கிழித்தார்.

வெளியே பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அண்ணி நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். விஷயத்தை முழுதாகக் கேட்டாள். ஐம்பது என்ற எண்ணில் மட்டும் கண்ணை மூடித் திறந்தாள்.

“என் தப்புன்னு நீங்களே சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“எல்லார் முன்னாடியும்?”

“வெளியூர்க்காரங்க முன்னாடியும்தான்.”

நாத்தனார் பெஞ்சிலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்புறம், “மூணு வாரமா உங்களத் திட்டுனதெல்லாம் அம்மா கேட்டிருக்காங்க. அவங்க சொல்லிக்குடுத்தா நம்பாதீங்க,” என்றாள். இரண்டு பேரும் அந்த வராந்தாவில் நின்று, போகிறவர்கள் வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். நாத்தனார் அண்ணியின் தோளில் சாய்ந்துகொண்டாள், அண்ணியும் விடவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் போன் அறையில் பச்சைக் கோப்பு திறந்தது. புள்ளி மேடமும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இனிமேல் அவள் காதில் விழலாம். முதல் நான்கு பேர் நன்றாக இருந்தார்கள். ஐந்தாமவர் யாரோ வியாபாரத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார். ஆறாவது வீட்டில் பேரப் பிள்ளைகள் எடுத்து விளையாடினார்கள். ஏழாமவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன். யாரும்மா நீ?”

“நர்ஸுங்க. காலு எப்படி இருக்கு?”

“செருப்பு நுழையல. வயசாச்சு, அப்படித்தான்.”

நாத்தனாரின் முதுகு நிமிர்ந்தது. “ராத்திரி படுத்துத் தூங்கறீங்களா?”

“எங்கம்மா. நாலு நாளா நாற்காலியிலதான்.”

“வீட்டுல யாரு இருக்கா? சரி. பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுப் போன அவங்ககிட்டக் குடுங்க. இப்பவே குடுங்க. கடையத் தொறக்க வேணாம்.”

“மழையா இருக்கேம்மா. நாளைக்கு வரேனே.”

“நாளைக்குன்னா நானே அங்க வந்து நிப்பேன். வண்டி அனுப்பறேன், ஏறி உக்காருங்க.”

பதினொன்றரை மணிக்கு அவரை வார்டில் சேர்த்தார்கள். தண்ணீர் இறங்கச் சொட்டு மருந்து ஏறியது. மதியம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இவர் வந்தது எந்த அட்டவணையிலும் ஏறாது என்று புள்ளி மேடத்துக்குத் தெரியும். இருந்தாலும் நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கடிகாரக்காரர் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்திருந்தார். மூச்சு இன்னும் இரைத்தது, ஆனால் கண் சுறுசுறுப்பாக வார்டின் சுவர்க் கடிகாரத்தைக் குறை கண்டுகொண்டிருந்தது.

“நீங்க எந்த டாக்டரு?” என்று கேட்டார்.

“டாக்டர் இல்லீங்க. கணக்கு எழுதறவ.”

“என்ன கணக்கு?”

அவள் அவர் பெயருக்கு நேரே, ‘திரும்பச் சேர்ந்தாரா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று அழுத்தி எழுதினாள்.

“நீங்க வந்துட்டீங்கங்கற கணக்குங்க,” என்றாள்.